ஊர்ப் பொதுநிலத்தை மீட்கும்போது ஆடு வைத்திருப்பவர் எங்கே போவார்?

கேள்வி – எழுதியவர்: மழைநிழல்

அனைவருக்கும் வணக்கம். சிதைந்துபோன மேய்ச்சல் நிலமொன்றை ஊராரே முன்னின்று மீட்டெடுப்பதற்கான திட்டவரைவை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நிலத்தின் நிலை இங்கே பலருக்கும் பழகியதுதான். மேல்மண் அரித்துப் போய்ச் சரளைக்கல் வெளியே தெரிகிறது. ஓடைக்கரை ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் சரிகிறது. மழை பெய்து புல் தலைகாட்டிய சில நாள்களிலேயே ஆடும் மாடும் அதை அடியோடு மேய்ந்துவிடுகின்றன. ஓரங்களில் உழுபவர்கள் ஆண்டுக்கு ஒரு சால் வீதம் உள்ளே நகர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

வரைவின் முதல் வடிவத்தில் மூன்று வேலைகளை எழுதியிருந்தேன்: நிலம் முழுவதையும் ஐந்து ஆண்டுகளுக்கு மேய்ச்சலுக்கு அடைப்பது, சரிவுக்குக் குறுக்கே குழிகள் வெட்டி மழைநீரை நிறுத்துவது, மரக்கன்றுகள் நடுவது. கூட்டத்தில் படித்துக் காட்டியபோது நிலம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் தலையசைத்தார்கள். சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாமல் பத்து ஆடுகளை வைத்துப் பிழைக்கும் மூதாட்டி ஒருவர் மட்டும் எழுந்து, "அஞ்சு வருசம் கழிச்சுப் புல்லு வரும்னு சொல்றீங்க, நாளைக்குக் காலையில நான் ஆட்டை எங்க ஓட்டுறது?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. தாள்களை மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முழு அடைப்பு உண்மையிலேயே தேவைதானா? நிலத்தடி நீர் உயரும், தீவனம் பெருகும், வேலை தேடி வெளியூர் போவது குறையும் என்றெல்லாம் இத்தகைய திட்டங்களைப் பற்றி எழுதுகிறார்களே, அந்தப் பயன்கள் யார் வீட்டுக்குப் போய்ச் சேருகின்றன? நேரடி அனுபவமோ ஆழ்ந்த வாசிப்போ உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி – எழுதியவர்: அளவுச்சங்கிலி

மழைநிழல் அவர்களுக்கு: அந்த மூதாட்டியின் கேள்வியையே வரைவின் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு விடை சொல்லாமல் தொடங்கிய அடைப்புகள் பலவற்றில் வேலி இரண்டாவது கோடையைத் தாண்டவில்லை. இரவில் யாரோ முள்ளை விலக்குவார்கள். யாரென்று ஊருக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். தன் பிழைப்பை அடைத்த வேலிக்குத் தானே காவல் இருக்க வேண்டும் என்று யாரையும் கேட்க முடியாது அல்லவா?

பொதுநிலம் என்றாலே அது அழியும் என்ற எண்ணம் நம் அலுவலகங்களில் ஊறிப்போயிருக்கிறது. 1968ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் கேரட் ஹார்டின் எழுதிய கட்டுரைக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஒவ்வொருவரும் தமக்கு ஒரு மாடு கூட வேண்டும் என்றே எண்ணுவார்கள், அதனால் எல்லோருடைய மேய்ச்சலும் பாழாகும், அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லது தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அந்தக் கதையில் வரும் மேய்ப்பர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லை என்பதைக் கவனியுங்கள். உண்மையான ஊர்களில் மனிதர்கள் பேசுகிறார்கள், சண்டையிடுகிறார்கள், தண்டம் விதிக்கிறார்கள், பிறகு சமாதானமும் ஆகிறார்கள். தாம் சொன்னது மேலாண்மை இல்லாத பொதுவளத்துக்கே பொருந்தும் என்று ஹார்டினே பின்னாளில் திருத்திக்கொண்டார். எலினோர் ஆஸ்ட்ரம் உலகின் பல பகுதிகளில் நூற்றாண்டுகளாக நீடித்த ஊர்க்காடுகளையும் மேய்ச்சல்களையும் பாசன வாய்க்கால்களையும் ஆராய்ந்து, அவை நீடித்ததற்கான காரணங்களை வகுத்துச் சொன்னார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. எல்லை தெளிவாக இருக்க வேண்டும், விதியை அதற்குக் கட்டுப்படுபவர்களே வகுக்க வேண்டும், காவலர் அவர்களுக்கே பதில் சொல்பவராக இருக்க வேண்டும், முதல் தவறுக்குச் சிறிய தண்டமும் மீண்டும் மீண்டும் செய்தால் பெரிய தண்டமும் என்று படிப்படியாகப் போக வேண்டும் என்பவை அவற்றுள் சில.

அவர் எடுத்துக்காட்டிய சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக்கிராமத்தில் 1517இல் ஒரு விதி எழுதப்பட்டது: குளிர்காலம் முழுவதும் ஒருவர் எத்தனை மாடுகளுக்குத் தீனி போட முடியுமோ, அத்தனையை மட்டுமே கோடையில் பொது மலைமேய்ச்சலுக்கு அனுப்பலாம். பக்கத்து வீட்டு வைக்கோல் பரணைப் பார்த்தாலே கணக்குத் தெரிந்துவிடும். தனியாக ஓர் அதிகாரி வந்து எண்ண வேண்டியதில்லை. நல்ல விதிக்கு அடையாளமே அதுதான். ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொண்டால் உங்கள் மூதாட்டிக்கு ஒன்றும் மிஞ்சாது. சொந்த நிலத்தில் வைக்கோல் விளைவிப்பவருக்கே அது பொதுமேய்ச்சலில் பங்கு கொடுக்கிறது. பழமையானது என்பதற்காக ஒரு விதி நியாயமானதாகிவிடாது.

நிலமற்றவரை உள்ளே கொண்டுவந்த எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ஹரியாணாவின் சிவாலிக் அடிவாரத்திலுள்ள சுகோமாஜ்ரியைப் பாருங்கள். சண்டிகரின் சுக்னா ஏரி வேகமாகத் தூர்ந்துகொண்டிருந்தது. வண்டல் எங்கிருந்து வருகிறது என்று தேடிச் சென்றவர்கள் மொட்டையாகிப்போன இந்த ஊரின் குன்றுகளில் போய் நின்றார்கள். 1970களின் பிற்பகுதியில் மண்வள அறிஞர் பி. ஆர். மிஸ்ரா ஊராருடன் சேர்ந்து சிறு மண் அணைகளைக் கட்டினார். தொடக்கத்தில் நீர் போனது நிலம் உள்ளவர்களுக்கு. குன்றில் ஆடு மேய்க்காமல் இருக்க வேண்டிய கட்டுப்பாடோ எல்லோருக்கும். நிலமற்றவர்கள் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? அந்த முரணைத் தீர்க்க, அணைநீரில் நிலமில்லாத குடும்பம் உட்பட ஒவ்வொரு குடும்பத்துக்கும் சம பங்கு என்று முடிவு செய்தார்கள்; தம் பங்கை வேண்டாதவர் அதை விற்கலாம். அதன் பிறகு குன்றைக் காப்பதில் எல்லோருக்கும் ஒரு கணக்கு இருந்தது. முள்வேலி இல்லாமலே மேய்ச்சல் நின்றது. அதைத்தான் 'சமூக வேலி' என்று சொல்லத் தொடங்கினார்கள். ஆடுகள் குறைந்தன, தொழுவத்தில் கட்டித் தீனி போடும் எருமைகள் கூடின, குன்றில் புல் எழுந்தது. (இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். பின்னர் அணைகளில் வண்டல் சேர்ந்ததையும் புல் வருவாயில் வனத்துறைக்கும் ஊருக்கும் இழுபறி ஏற்பட்டதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.)

அடைப்பைப் பொறுத்தவரை, நிலம் முழுவதையும் ஐந்து ஆண்டுகள் பூட்டுவதற்கு நான் உடன்படமாட்டேன். புல்லுக்கு மிக வேண்டிய ஓய்வு, முதல் மழை முதல் விதை உதிரும் வரையான காலம். தான்சானியாவின் ஷின்யாங்கா பகுதியில் சுகுமா மக்களிடம் 'ங்கிதிலி' என்றொரு பழைய வழக்கம் உண்டு. மழை தொடங்கும்போது மேய்ச்சலின் ஒரு பகுதியை ஒதுக்கி அடைத்து, மற்ற இடங்களில் தீவனம் தீர்ந்த வறட்சி மாதங்களில் அதைத் திறந்துவிடுவார்கள். உறக்கநோயைப் பரப்பும் செட்சி ஈயை ஒழிப்பதற்கென்றும் பருத்திக்கென்றும் அங்கே காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டு, அந்த வழக்கமும் கிட்டத்தட்ட அழிந்துபோயிருந்தது. 1986இல் தொடங்கிய மண்வளப் பாதுகாப்புத் திட்டம் புதிய முறை எதையும் கொண்டுவந்து திணிக்காமல் இந்த வழக்கத்துக்கே உயிர் கொடுத்தது. ஏறத்தாழ 600 ஹெக்டேராகச் சுருங்கியிருந்த ங்கிதிலிகள் இருபது ஆண்டுகளுக்குள் 3 லட்சம் ஹெக்டேரைத் தாண்டின. ஆகவே நிலத்தை மூன்றோ நான்கோ பகுதிகளாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அடையுங்கள். அடைத்த பகுதியிலும் முதல் பருவம் முடிந்ததிலிருந்தே புல்லை அறுத்து எடுத்துச் செல்ல இடம் கொடுங்கள். முதல் அறுப்பு நாள்கள் நிலமற்ற குடும்பங்களுக்கு என்று எழுத்தில் வையுங்கள்.

மறுமொழி – எழுதியவர்: புல்லடி

மேலே சொன்னவற்றோடு ஒத்துப்போகிறேன். மழைநிழல் மூன்றாவது வேலையாக எழுதியிருக்கிறாரே, மரக்கன்று, அதைப் பற்றி மட்டும் ஒரு சொல்.

மேய்ச்சல் நிலம் மரமில்லாமல் இருப்பதால் அதைப் 'பாழ்நிலம்' என்று எழுதும் பழக்கம் வெள்ளையர் ஆட்சியின் வருவாய்க் கணக்கிலிருந்து வந்தது. தீர்வை கட்டாத நிலமெல்லாம் அவர்கள் ஏட்டில் பாழ். இன்றும் அந்தச் சொல்லைப் பார்த்தவுடன் கன்று நடக் கிளம்பிவிடுகிறோம். குஜராத்தின் கட்ச் மாவட்டத்திலுள்ள பன்னி புல்வெளியில், உப்புப் பாலை பரவுவதைத் தடுப்பதற்கென்று 1960களில் வனத்துறை சீமைக்கருவேலத்தை விதைத்தது. அது புல்லை விழுங்கிப் பரவியது. மால்தாரி மேய்ப்பர்களின் எருமைக்கு மேய்ச்சல் சுருங்கியது. இப்போது அதை வேரோடு பிடுங்கிப் புல்லை மீட்கப் பாடுபடுகிறார்கள். அதற்குள் அந்த மரத்தைக் கரியாக்கி விற்றுப் பிழைக்கும் குடும்பங்களும் உருவாகிவிட்டதால், பிடுங்குவதும் எளிதான முடிவாக இல்லை. ஒரு தவறு அரை நூற்றாண்டு நிலைத்துவிட்டால் அதைச் சுற்றியும் சிலருடைய சோறு வேர்விட்டுவிடுகிறது.

நிழலுக்கும் காய்க்கும் சில மரங்கள் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றுக்கும் நாற்றங்கால் எப்போதும் தேவைப்படுவதில்லை. 1980களின் தொடக்கத்தில் நைஜரில் பணியாற்றிய டோனி ரினாடோ, ஆண்டுதோறும் நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை பட்டுப்போவதைப் பார்த்துச் சலித்திருந்தபோது, வயல்களில் புதர் என்று எல்லோரும் நினைத்தவை உண்மையில் வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டையிலிருந்து எழுந்த தளிர்கள் என்பதைக் கண்டார். தளிர்களில் நேரான சிலவற்றை விட்டு மற்றவற்றைக் கழித்தாலே மரம் மீண்டும் எழுந்தது. அந்த முறை அந்நாட்டில் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேருக்குப் பரவியது. அவை உழவர்களின் வயல்கள்தான், பொதுநிலமில்லை. ஆனால் பாடம் பொதுவானது. உங்கள் நிலத்தில் முதல் மழைக்குப் பின் ஒருமுறை குனிந்து பார்த்தபடி நடந்துவிட்டு, எந்த அடிக்கட்டைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுங்கள். அதன் பிறகு கன்றுகளைப் பற்றிப் பேசலாம்.

மழைநிழல் எழுதியது:

இருவருக்கும் நன்றி. பகுதி பகுதியாக அடைப்பது என்று மாற்றுகிறேன். ஓர் இக்கட்டு இருக்கிறது: நிதி தருபவர்கள் எத்தனை கன்று, எத்தனை குழி என்று எண்ணிக்கை கேட்கிறார்கள்; "உயிரோடு இருக்கும் அடிக்கட்டை" என்று எழுதினால் அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. அடுத்து, நிலத்தடி நீர் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. கூட்டத்தில் தலையசைத்த நிலவுடைமையாளர்கள் எல்லோரும் அதை நம்பித்தான் தலையசைத்தார்கள்.

மறுமொழி – எழுதியவர்: ஊற்றுக்கண்

நீரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

புல் மூடிய நிலத்தில் மழைத்துளி மண்ணை நேராக அறைவதில்லை. இறுகிய மேற்பரப்பு வேர்களாலும் கறையான், மண்புழு போன்றவற்றாலும் திறந்துகொள்கிறது. ஓடும் நீரின் வேகம் குறைந்து கொஞ்சம் உள்ளே இறங்குகிறது. இவ்வளவும் உறுதி. உள்ளே இறங்கிய நீர் எங்கே போகும் என்பது பாறையைப் பொறுத்தது. கடினப்பாறைப் பகுதிகளில் நீர் தங்குவது, சிதைந்த பாறையாலான மேலடுக்கிலும் அதற்குக் கீழே உள்ள விரிசல்களிலுமே. கொள்ளளவு சிறியது, நிறைவதும் வேகம், காலியாவதும் வேகம். அடர்த்தியாக மரம் நட்டால் அந்த மரங்களே கணிசமான நீரைக் குடித்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புல்லடி சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பொதுநிலத்தில் எல்லோரும் சேர்ந்து உழைத்து இறக்கிய நீர், சரிவின் அடியில் யாருடைய கிணறு இருக்கிறதோ அவருடையதாகிவிடுகிறது. அந்தக் கிணற்றைவிட ஆழமாகத் துளையிடப் பணம் உள்ளவர் ஒருவர் இருந்தால், அது அவருடையதாகிவிடுகிறது. புல் கண்ணுக்குத் தெரியும், ஆகவே அதற்குப் பங்கு கேட்க ஆள் உண்டு. நீர் மண்ணுக்குள் நகர்ந்து போவதால் யாருக்கும் கோபம்கூட வருவதில்லை. நீர்ப்பிடிப்பு மேம்பாட்டுத் திட்டங்கள் பலவற்றில், மேய்ச்சலை விட்டுக்கொடுத்தவர் மேட்டுக்காரராகவும் கிணறு ஊறியவர் பள்ளத்துக்காரராகவும் இருந்ததற்குக் காரணம் இதுதான். தலையசைத்தவர்கள் ஏன் தலையசைத்தார்கள் என்பது இப்போது உங்களுக்குப் புரியும்.

இதை ஓரளவு எதிர்கொண்ட ஊர் மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார். 1989இல் ஊராட்சித் தலைவரான போபட்ராவ் பவார் காலத்தில் குன்றுகளில் தொடர் குழிகள் வெட்டினார்கள். கட்டற்ற மேய்ச்சலுக்கும் மரம் வெட்டுவதற்கும் தடை போட்டார்கள், புல்லை அறுத்துச் செல்லலாம் என்றார்கள். எல்லோரும் சொல்வது அவ்வளவுதான். எனக்கு முக்கியமாகப் படுவது, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடக்கூடாது என்று விதி செய்ததும், ஆண்டுதோறும் பெய்த மழையைக் கணக்கிட்டு, குடிநீருக்கும் கால்நடைக்கும் ஒதுக்கியது போக மிஞ்சும் நீருக்கு ஏற்ற பயிரை மட்டும் செய்வது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்ததுமே. மேலே நீரை இறக்கும் விதியும் கீழே எடுக்கும் விதியும் ஒரே தாளில் இருக்க வேண்டும். உங்கள் வரைவில் இரண்டாவது விதி இல்லை.

பயன் யாருக்கு என்பதில் பொருளியலாளர் என். எஸ். ஜோதா 1980களில் இந்தியாவின் ஏழு மாநிலங்களின் வறண்ட பகுதி ஊர்களில் எடுத்த கணக்கு இன்றும் படிக்கத்தக்கது. ஏழைக் குடும்பங்களின் வருவாயில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கிலிருந்து கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக வரை பொதுவளங்களிலிருந்து கிடைத்தது. வசதியுள்ள குடும்பங்களுக்கு அது மிகச் சொற்பம். விறகு, தீவனம், கீரை, கிழங்கு, பழம், இலை, தேன் என்று சந்தைக்குப் போகாமலே நுகரப்படும் பொருள்களாக இருப்பதால் அந்த வருவாய் எந்த அரசுக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதே ஊர்களில், 1950களின் தொடக்கத்திலிருந்து 1980கள் வரையான காலத்தில் பொதுநிலப் பரப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று முதல் பாதி வரை குறைந்திருந்தது. ஏழைகளுக்கென்று பட்டா போட்டுக் கொடுத்ததும் அந்தக் குறைவுக்கு ஒரு காரணம். ஆனால் கொடுத்த நிலத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே நிலம் உள்ளவர்களிடமே போய்ச் சேர்ந்தது என்பதையும் அவர் காட்டினார்.

நிதி தருபவர்களின் படிவத்துக்கு ஒரு யோசனை. கன்று எண்ணிக்கைக்குப் பதிலாக அவர்கள் ஏற்கக்கூடிய எண்களை நீங்களே கொடுங்கள்: ஒரு சதுர மீட்டரில் அறுத்து உலர்த்தி எடை போட்ட புல், அதே கிணற்றில் மழைக்கு முன்னும் பின்னும் கயிறு விட்டு அளந்த நீர்மட்டம், ஒரு தலைச்சுமை விறகுக்கு நடந்த நேரம். அடைக்காத பகுதியிலும் இதே அளவுகளை எடுங்கள். இல்லாவிட்டால் நல்ல மழை பெய்த ஆண்டின் பெருமையைத் திட்டம் எடுத்துக்கொள்ளும், வறட்சி ஆண்டில் பழியும் அதன் மேல் விழும்.

மறுமொழி – எழுதியவர்: தலைச்சுமை

ஐயா அளவுச்சங்கிலி, 'ஆடுகள் குறைந்து, கட்டித் தீனி போடும் எருமைகள் கூடின' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். மேய்ச்சலில் ஆடு தானே நடந்து போய்த் தின்னும். கட்டிப் போட்டால் புல்லை ஒருவர் அறுக்க வேண்டும், சுமக்க வேண்டும், நீர் காட்ட வேண்டும், தொழுவத்தைக் கூட்டிச் சாணம் அள்ள வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். 'தொழுவத் தீவனம்' என்று திட்டத்தில் இரண்டு சொற்களில் எழுதுவது ஒருத்தியின் நாளில் எத்தனை மணி நேரம் என்று யாரும் கணக்கிடுவதில்லை. மேலும் ஆடு, ஏழை வீட்டின் உண்டியல். அவசரத்துக்கு ஒன்றை விற்கலாம். எருமையில் கால் பகுதியை விற்க முடியாது.

பொருளியலாளர் பீனா அகர்வால் இந்தியாவிலும் நேபாளத்திலும் ஊர்க்காட்டுக் குழுக்களை ஆராய்ந்து, காடு மூடப்பட்டபின் பெண்கள் விறகுக்கு முன்பைவிட நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் குழுவில் பெயரளவுக்கு ஓரிருவராக இல்லாமல் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும்போது அவர்கள் வாய் திறந்து பேசுகிறார்கள் என்பதும், பெண்கள் கூடுதலாக உள்ள குழுக்களின் காடுகள் மேலும் நன்றாகத் தழைத்தன என்பதும் அவருடைய முடிவு. விதியை மீறுவதும் காப்பதும் நாள்தோறும் அங்கே போகிறவர் கையில்தானே இருக்கிறது. நேபாளத்தின் 1993ஆம் ஆண்டு வனச் சட்டம் ஊர்ப் பயனாளர் குழுக்களிடம் காட்டை ஒப்படைத்தது. அந்நாட்டின் காட்டுப்பரப்பு 1992இல் ஏறத்தாழ 26 விழுக்காடாக இருந்தது 2016இல் 45 விழுக்காடாயிற்று என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு சொல்கிறது. ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போய், மலைவயல்கள் தரிசாகக் கிடந்ததும் அந்த உயர்வுக்கு ஒரு காரணம் என்பார்கள். இருக்கலாம். எஞ்சியிருந்து காடு காத்தவர்கள் யார் என்பதையும் அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

மழைநிழல், உங்கள் கூட்டத்தில் எழுந்து கேட்ட அந்த மூதாட்டி விதி வகுக்கும் குழுவில் இருக்கிறாரா?

மறுமொழி – எழுதியவர்: அளவுச்சங்கிலி

தலைச்சுமை அவர்கள் சொன்னது சரி. ஆடு குறைந்ததை நான் வெற்றியாகவே எழுதிவிட்டேன். அந்த வரியை இப்போது எழுதினால் வேறு மாதிரி எழுதுவேன்.

ஓரத்து ஆக்கிரமிப்பைப் பற்றி மழைநிழல் முதல் பத்தியிலேயே சொல்லியிருந்தும் யாரும் தொடவில்லை. இந்திய உச்சநீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில், பஞ்சாபில் ஊர்க்குளத்தைத் தூர்த்து வீடு கட்டிய ஒரு நிகழ்வை விசாரித்து, ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள சட்டவிரோத ஆக்கிரமிப்புகளை அகற்றி அவற்றை ஊருக்கு மீட்டுத் தரும் திட்டங்களை எல்லா மாநில அரசுகளும் வகுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நெடுங்காலமாக இருக்கிறோம், பெருஞ்செலவு செய்து கட்டிவிட்டோம் என்பதெல்லாம் காரணமாகாது என்றும் சொன்னது. ஆனால் அரசு அறிவிக்கையின்படி நிலமற்ற தொழிலாளருக்கோ பட்டியல் சாதி, பழங்குடியினருக்கோ குத்தகைக்கு விடப்பட்ட இடங்களையும், ஏற்கெனவே பள்ளியோ மருந்தகமோ இருக்கும் இடங்களையும் விதிவிலக்காக வரன்முறை செய்யலாம் என்றது. இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் குடிசைகளை நோக்கிப் போகும் ஊர்களும் உண்டு. பெரிய நிலக்காரரின் வரப்பிலிருந்து தொடங்குங்கள். அளப்பதை ஊர் முன்னிலையில் செய்யுங்கள். கல் நடும் அன்று எல்லையை ஒட்டிய நிலக்காரர் அனைவரும் அங்கே இருக்கட்டும்.

எழுத்தில் உள்ள உரிமை இல்லாமல் இவ்வளவு உழைப்பையும் போடாதீர்கள். இன்றைய உத்தராகண்டிலுள்ள குமாவூன் மலைமக்கள் தங்கள் காடுகள் அரசுக் காடுகளாக்கப்பட்டதை எதிர்த்து 1921இல் பெருங்கிளர்ச்சி செய்தபின், ஊராரே காட்டை நிர்வகிக்கும் வனப் பஞ்சாயத்துகளுக்கான விதிகள் 1931இல் வந்தன. இன்றும் உத்தராகண்டில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் உள்ளன, அவற்றின் அதிகாரம் பின்வந்த விதித் திருத்தங்களில் தேய்ந்துகொண்டே வந்திருந்தாலும். நிலம் வனமாக இருந்தால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி சமூக வனவள உரிமை, அதாவது காட்டை ஊரே காத்து நிர்வகிக்கும் உரிமை, கோரலாம். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து மேண்டா லேகா அப்படி உரிமை பெற்ற முதல் ஊர்களுள் ஒன்று. உரிமைப் பத்திரம் கைக்கு வந்தபின்னும், தங்கள் மூங்கிலை வெளியே கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு ஊரின் கைக்கு வர அவர்கள் 2011 வரை போராட வேண்டியிருந்தது. பத்திரமும் புழக்க உரிமையும் ஒன்றாகவே வந்து சேரும் என்று எண்ணிவிடாதீர்கள்.

மழைநிழல் எழுதியது:

தலைச்சுமை அவர்களின் கேள்விக்கு நேர்மையான விடை: மூதாட்டி குழுவில் இல்லை, குழுவில் பெண்களே ஒருவர்தான், அவரும் கையெழுத்துக்காகச் சேர்க்கப்பட்டவர். அந்தப் பட்டியலைக் கலைத்துவிட்டு மீண்டும் எழுதச் சொல்லியிருக்கிறேன், சிலருக்கு வருத்தம்.

நேற்று மூதாட்டியையும் ஆடு வைத்திருக்கும் இன்னும் நால்வரையும் கூட்டிக்கொண்டு வரைபடத்தோடு நிலத்தைச் சுற்றி நடந்தேன். நான்கு பகுதிகளாகப் பிரித்து, மிகவும் அரித்துப் போயிருப்பதால் ஓடையை ஒட்டிய பகுதியை முதலில் அடைப்பதாகக் குறித்திருந்தேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. அந்த இடத்துக்கு வந்ததும் நின்று, கோடையில் கால்நடைகள் நீர் குடிக்கப் போகிற ஒரே தடம் இதுதான் என்றும், இதை அடைத்தால் ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் வேலியைப் பிரித்துவிடும் என்றும் சொன்னார். எங்களுக்குத் தெரியாத வேறு சிலவும் சொன்னார்: எந்த மேட்டில் பெரிய மழைக்குப் பின்னும் புல் முளைப்பதில்லை, எந்தப் பாறை இடுக்கில் மாசி வரை ஈரம் நிற்கிறது, எந்தப் புதருக்குள் பழைய அடிக்கட்டைகள் இருக்கின்றன. புல்லடி சொன்னபடி எண்ணினோம்; ஒரே பகுதியில் நாற்பத்தொன்று. மேட்டுப் பகுதியை முதலிலும் ஓடைப் பகுதியைக் கடைசியிலும் அடைப்பது என்றும், ஓடைக்கு ஒரு நடைபாதையை எப்போதும் திறந்தே வைப்பது என்றும் மாற்றியிருக்கிறேன்.

ஆழ்துளைக் கிணறு பற்றிய விதியை அடுத்த கூட்டத்தில் படிக்க வேண்டும். இந்த முறை யார் யார் தலையசைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.